விசாவை மறித்த ஒற்றை எழுத்து!

"திருப்பப்படுகிறது."

இந்த ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு தாலுகா ஆபீஸில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன்... எந்த மனு வந்தாலும் முதலில் என் கண் தேடுவது, அதில் என்ன இருக்கிறது என்பதை அல்ல. என்ன இல்லை என்பதை! கண்டுபிடித்துவிட்டால் மனசுக்குள் ஒரு சின்னக் குஷி. ஓரத்தில் சிவப்பு மையில் 'திருப்பப்படுகிறது' என்று எழுதிவிட்டு, டீக்குப் போய்விடுவேன்.

அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு நாள் ஒரு மனு திரும்பி வந்தது. அனுப்பியது என் மகள். திருப்பியது ஏழு கடல் தாண்டி இருக்கிற ஒரு விசா ஆபீஸ். காரணம்? சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா செல்லாது!

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். சிவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ரெண்டு வருஷம் வேலை பார்த்தாள். "நீர்வளத்துல எம்.எஸ்சி. பண்ணணும்ப்பா. இங்கிலாந்துல இடம் கிடைச்சிருக்கு" என்று 2023 மார்ச்சில் வந்து நின்றாள். காவிரித் தண்ணீருக்கு அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளுகிற ஊர்க்காரனுக்கு, பெண் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறேன் என்றால் கசக்குமா? சரி என்றுவிட்டேன்.

அப்புறம்தான் கணக்கு ஆரம்பித்தது. காலேஜ் கட்டணத்தில் பாக்கியையும், அங்கே சாப்பிட்டுத் தூங்க ஒன்பது மாதச் செலவையும் பேங்கில் ரொக்கமாகக் காட்ட வேண்டுமாம். லண்டனுக்கு வெளியே என்றால் அந்த வருஷம் மாதம் 1,023 பவுண்டு என்று கணக்கு. ஒன்பது மாதத்துக்கு 9,207 பவுண்டு. நம் பணத்தில் ஒன்பதரை லட்சத்துக்கு மேல்!

என் கிராஜுவிட்டியில் மிச்சம், ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனைக்கட்டு விற்ற காசு, எல்லாம் சேர்த்தும் நாலு லட்சம் துண்டு விழுந்தது. என் தம்பி திருப்பூரில் இருக்கிறான். "அண்ணே, என் அக்கவுண்ட்ல இருக்கு. அதையே காட்டிக்கோ" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாப்பா விதிமுறைகளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அப்பா, பணம் என் பேர்ல இருக்கணும். இல்லாட்டி அப்பா, அம்மா பேர்ல இருக்கணும். சித்தப்பா செல்லாது."

"அதெப்படி? சித்தப்பான்னாலே சின்ன அப்பாதானே?"

"அவங்க ஊர்ல அப்பா ஒரே சைஸ்தான்ப்பா!"

ஆகவே தம்பி பணத்தை என் கணக்குக்கு அனுப்பினான். அதிலும் ஒரு கொக்கி. பணம் வந்து விழுந்தால் மட்டும் போதாது. தொடர்ந்து 28 நாள் அப்படியே அசையாமல் கிடக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் போச்சு. அந்த 28-வது நாளுக்கும் விண்ணப்பம் போடுகிற நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் ஆகக் கூடாது.

அந்த 28 நாள் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் தனி நாடகம். சம்சாரத்தின் ஏ.டி.எம். கார்டை வாங்கிப் பீரோவில் பூட்டினேன். "ஏங்க, பேங்க்காரன் எஸ்.எம்.எஸ்.ஸுக்குன்னு காசு பிடிப்பானே... அதுல குறைஞ்சுட்டா?" என்று அவள் கேட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளே கூட இருபதாயிரம் கடன் வாங்கிப் போட்டேன். பவுண்டு விலை ஏறினாலும் தாங்க வேண்டுமே!

ஜூலையில் விண்ணப்பம் போட்டோம். கட்டணம் 363 பவுண்டு. அங்கே ஜுரம் வந்தால் வைத்தியம் பார்க்க முன்கூட்டியே 705 பவுண்டு. சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தாள். சித்தி வீட்டிலிருந்து ஸ்வெட்டர் வந்தது. சம்சாரம் பருப்புப் பொடி அரைக்க மிஷினுக்குக் கிளம்பினாள்.

திருப்தி இல்லையாம்!

ஆகஸ்ட் 11. வெள்ளிக்கிழமை. கூரியர் வந்தது. பாஸ்போர்ட் இருந்தது. விசா இல்லை. கூடவே ஒரு கடிதம்.

பாப்பா படித்தாள். அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாங்கிப் படித்தேன். என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ்தான். ஆனால் அந்தக் கடிதம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஏனென்றால் அது நான் எழுதிய கடிதம் போலவே இருந்தது!

சாராம்சம் இதுதான்: 'பேங்க் கணக்கு ஜி என்ற எழுத்தோடு ஒருவர் பெயரில் இருக்கிறது. உங்கள் பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயருக்கு முன்னால் அந்த எழுத்து இல்லை. இருவரும் ஒருவரே என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஆகவே, விண்ணப்பம் மறுக்கப்படுகிறது.'

ஜி! என் அப்பா பெயரின் முதல் எழுத்து. தமிழில் எழுதினால் 'கோ'. இங்கிலீஷில் ஜி. 1998-ல் பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் "தகப்பன் பேரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். இனிஷியல் கேட்கவில்லை, சொல்லவில்லை. பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் நிற்கிறது. ஆதாரில் பின்னால் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் விரிந்து முழுப் பெயராகிவிட்டது. நம் ஊரில் இது ஒரு விஷயமா? தபால்காரருக்குக்கூடத் தெரியும், மூன்று பேரும் நான்தான் என்று.

ஆனால் குடும்பப் பெயர் என்று ஒன்று வைத்துக்கொண்டு தாத்தா முதல் பேரன் வரை அதையே சுமக்கிற ஊர்க்காரருக்கு, அப்பன் பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கித் தன் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொள்கிற நம் வழக்கம் எப்படிப் புரியும்?

பாப்பா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மனைக்கட்டை வித்துட்டீங்களேப்பா" என்று ஒரே ஒரு வரி சொன்னாள்.

'அப்பீல்' வியாபாரம்

செய்தி ஊருக்குள் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆளாளுக்கு யோசனை. "எம்.பி.கிட்ட லெட்டர் வாங்குங்க" என்றார் ஒருவர். "நங்கநல்லூர்ல விசா பிள்ளையார்னே ஒருத்தர் இருக்காராம். ஒரு நடை போய்ட்டு வந்துடுவோம்ங்க" என்றாள் சம்சாரம்.

சென்னையில் ஒரு ஏஜென்ட் போன் நம்பர் கிடைத்தது. பேசினேன். "அப்பீல் போட்டுடலாம் சார். லண்டன்லயே லாயர் இருக்கார். முப்பத்தஞ்சாயிரம் ஆகும். கோர்ட்ல நின்னு பேசுவார்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வக்கீல், கோர்ட், வாதம்! பணத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பாப்பா அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். முதல் பக்கத்தில் 'மறுக்கப்படுகிறது' என்று பார்த்ததுமே நாங்கள் கடிதத்தை மூடிவிட்டோம். கடைசிப் பக்கத்தை யாருமே படிக்கவில்லை! என்னிடம் மனு திரும்பப் பெற்றவர்களும் இப்படித்தான் கீழே எழுதியிருப்பதைப் படிக்காமல் போயிருப்பார்கள்.

"அப்பா, இதுல கோர்ட்டே கிடையாது. மாணவர் விசாவுக்கு அப்பீல் உரிமையை எடுத்துட்டாங்க. இருக்கிறது 'நிர்வாக மறுபரிசீலனை' மட்டும்தான். 28 நாளைக்குள்ள நாமளே ஆன்லைன்ல போடலாம். 80 பவுண்டு. வேற ஒரு அதிகாரி எடுத்துப் பார்ப்பார்."

ஆமாம் சார். இங்கிலாந்தில் 2014-ல் வந்த குடியேற்றச் சட்டம், கோர்ட்டுக்குப் போகும் அப்பீல் உரிமையை வெகுவாகச் சுருக்கிவிட்டது. மாணவர்களுக்கு மிஞ்சியிருப்பது இந்த மறுபரிசீலனைதான். ஏஜென்ட் சொன்ன கோர்ட்டும் இல்லை, நின்று பேசுகிற வக்கீலும் இல்லை. எட்டாயிரத்துச் சொச்சத்தில் வீட்டிலேயே முடிகிற காரியத்துக்கு முப்பத்தைந்தாயிரம்!

நான் எழுதிய நாலு பக்க மனு

மனு எழுத நம்மை விட்டால் யார்? அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். 'மேதகு ஐயா அவர்களின் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, என் குடும்ப நிலை, மனைக்கட்டு விற்றது, பாப்பாவின் பத்தாம் வகுப்பு மார்க், கஜா புயலில் தென்னை விழுந்தது வரை எழுதி, 'கருணை கூர்ந்து' என்று ஏழு இடத்தில் போட்டிருந்தேன். கூடவே நோட்டரி அபிடவிட் ஒன்று, வி.ஏ.ஓ. சான்று ஒன்று, 'இருவரும் ஒருவரே' என்று தாசில்தார் சான்று ஒன்று, எல்லாம் ரெண்டே நாளில் தயார். நம்ம ஆபீஸ் ஆச்சே!

பாப்பா பொறுமையாகப் படித்தாள். பிறகு நாலு பக்கத்தையும் மடித்து என்னிடமே தந்தாள்.

"இது ஒண்ணும் வேண்டாம்ப்பா."

"ஏம்மா? இங்கிலீஷ் சரியில்லையா?"

"அது இல்லப்பா. புதுசா எந்தப் பேப்பரும் பார்க்க மாட்டாங்க. நாம ஏற்கெனவே குடுத்த பேப்பரை வச்சு, அந்த அதிகாரி தப்புப் பண்ணியிருக்காரான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. நம்ம கஷ்டத்தை எழுதினா, அது எந்தக் கட்டத்துலயும் அடங்காது."

அந்தப் பெண் சொன்னதில் இருந்த விஷயம் எனக்கு விளங்க ஒரு நாள் ஆயிற்று. மறுபரிசீலனை என்பது கெஞ்சுகிற இடமில்லை. 'உங்கள் கையில் இருந்த காகிதத்தில் இது இருந்தது; நீங்கள் பார்க்கத் தவறிவிட்டீர்கள்' என்று விரலை வைத்துக் காட்டுகிற இடம். தப்பு அவர்களுடையது என்றால் இந்த வழி. தப்பு நம்முடையது, அதாவது பேப்பரே வைக்கவில்லை என்றால், இந்த வழி பிரயோஜனமில்லை. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பம் போட வேண்டியதுதான். மறுபடி முழுக் கட்டணம். பல்கலைக்கழகம் கொடுத்த அனுமதி எண்ணும் ஒருதடவைதான் செல்லும். புதிது வாங்க வேண்டும். ரெண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போகவும் முடியாது. மறுபரிசீலனை நடக்கும்போது புது விண்ணப்பம் போட்டால், பழையது தானாகவே ரத்து!

ஆக, கேள்வி ஒன்றுதான். தப்பு யாருடையது?

வைத்த பேப்பர் என்னென்ன என்று தரையில் பரப்பினோம். பேங்க் ஸ்டேட்மென்ட், பிறப்புச் சான்று, 'என் மகள் இந்தப் பணத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம்' என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதம், பாப்பாவின் பாஸ்போர்ட் நகல்...

சம்மதக் கடிதத்தை எடுத்துப் படித்த பாப்பா, "அப்பா!" என்று கத்தினாள். சம்சாரம் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

ரெண்டாவது பாராவில் ஒரு வரி. 'என் பேங்க் கணக்கில் பெயருக்கு முன் உள்ள ஜி என்ற எழுத்து என் தகப்பனார் பெயரின் முதலெழுத்து' என்று எழுதி, அவர் முழுப் பெயரையும் கொடுத்திருந்தேன். பாப்பா டைப் செய்து தந்த கடிதத்தில் அந்த வரி கிடையாது. 31 வருஷப் பழக்க தோஷம்! 'இதில் எவனாவது இனிஷியல் குற்றம் சொல்வான்' என்று நானே சேர்க்கச் சொன்ன வரி. குற்றம் கண்டுபிடித்தே பழகிய புத்தி ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது!

அதோடு, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் அவள் அனுப்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பெயர், என் அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக அச்சாகியிருந்தது.

பேப்பர் இருந்தது. பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16-ம் தேதி மறுபரிசீலனை மனு போனது. நாலு பக்கம் அல்ல, அரைப் பக்கம். மூன்றே பாரா. 'உங்கள் கடிதத்தில் இன்ன இடத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். நான் தந்த சம்மதக் கடிதத்தின் ரெண்டாம் பாராவிலும், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் அதற்கு விடை இருக்கிறது. ஆகவே முடிவை மாற்ற வேண்டுகிறேன்.' கருணை ஒரு இடத்தில்கூட இல்லை!

மூத்த எழுத்தரின் தூக்கம்

ஒரு மனு எழுதுவதைவிடக் கஷ்டம், பதிலுக்குக் காத்திருப்பது. இந்த மறுபரிசீலனைக்குப் பல மாதம் காத்துக்கிடந்தவர்களும் உண்டு என்று பாப்பாவின் தோழிகள் சொன்னார்கள். வகுப்பு செப்டம்பர் 25-ல் ஆரம்பம். அதிகம் போனால் அக்டோபர் முதல் வாரம் வரை வந்து சேரலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. பிந்தினால் ஒரு வருஷம் போச்சு.

ராத்திரியில் பாப்பா அறையில் விளக்கு எரியும். நானும் தூங்குவதில்லை. அவளைப் பற்றிய கவலை பாதி. மீதிப் பாதி வேறு.

2009-ம் வருஷம் என்று ஞாபகம். ஒரு அம்மா வருவார். அம்பது வயசுக்குள்தான் இருக்கும். புருஷன் செத்து ரெண்டு வருஷம். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனு. ரேஷன் கார்டில் புருஷன் பெயருக்கு முன்னால் 'மு'. இறப்புச் சான்றில் 'எம்'. தமிழில் மு, இங்கிலீஷில் எம். ரெண்டும் ஒரே எழுத்துதான் என்று எனக்குத் தெரியாதா? பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் எழுதினேன்: 'பெயர் மாறுபாடு. திருப்பப்படுகிறது.'

அந்த அம்மா பஸ் பிடித்து மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை, "ஐயா, அவரு ஒருத்தருதான்யா. எனக்கு வேற புருசன் ஏதுய்யா?" என்று கேட்டார். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலாவது தடவை அவர் வரவில்லை.

'இருவரும் ஒருவரே என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.' லண்டனோ எங்கேயோ உட்கார்ந்து அந்த வரியை எழுதிய அதிகாரி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் என் ஜாதி. அவர் மேஜையிலும் கட்டு கட்டாக இருந்திருக்கும். ஆனால் அவர் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது: மறுத்தால் ஏன் என்று எழுதித் தர வேண்டும், எங்கே முறையிடலாம், எத்தனை நாளுக்குள் என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். நான் அந்த அம்மாவுக்கு 'ஆர்.டி.ஓ.வைப் போய்ப் பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை.

பிள்ளையாரா, பாராவா?

2023-ல் பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 18. ரெண்டு நாள் கழித்து, புதன்கிழமை சாயங்காலம் ஈமெயில் வந்தது. மறுத்த முடிவு வாபஸ். விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறோம், பாஸ்போர்ட்டை அனுப்புங்கள். அதிகாரியின் தவறால் முடிவு மாறினால் கட்டணம் திருப்பித் தரப்படும் என்பது விதி. 80 பவுண்டும் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா, நான் வேண்டிக்கிட்ட பிள்ளையார்!" என்றாள் சம்சாரம்.

"அம்மா, ரெண்டாவது பாராம்மா!" என்றாள் பாப்பா.

நான் நடுவில் புகவில்லை. நூற்றெட்டுக் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுத்தோம். பாராவுக்கு என்ன நைவேத்தியம் என்று தெரியாததால் அதற்கும் சேர்த்து ஒரு தட்டு!

அக்டோபர் 2-ம் தேதி மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றினோம். தம்பியும் வந்திருந்தான். "சித்தப்பா செல்லாதுன்னு சொன்ன ஊருக்குத்தானே போறே? போய்ட்டு வா" என்றான். அப்போதுதான் பாப்பா அழுதாள்.

உங்கள் வீட்டுக்கு இப்படிக் கடிதம் வந்தால்...

அதற்குப் பிறகு, விசா மறுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் பலர் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். நான் வக்கீல் இல்லை. அவர்களுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

'அப்பீல்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஊருக்கு ஊர் கதவு வேறு. சில ஊரில் கதவே கிடையாது.

அமெரிக்கா: மாணவர் விசா மறுப்பில் அதிகம் அடிபடுவது 214(பி) என்கிற பிரிவு. 1952-ல் வந்த சட்டம். விசா கேட்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் அதிகாரி நினைக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. இதற்கு அப்பீல் கிடையாது. அங்கே கோர்ட்டுகளும் கான்சலேட் அதிகாரியின் விசா முடிவில் பெரும்பாலும் தலையிடுவதில்லை. கட்டணம் திரும்ப வராது; மறுபடி கட்டி மறுபடி இன்டர்வியூவுக்குப் போகலாம். ஆனால் நிலைமையில் ஏதாவது மாற்றம் இருக்க வேண்டும். அதே பேப்பர், அதே பதில் என்றால் அதே முடிவுதான். '221(ஜி)' என்று சீட்டுக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். பேப்பர் குறைகிறது அல்லது இன்னும் விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கனடா: அப்பீல் இல்லை. ஆனால் ஃபெடரல் கோர்ட்டில் முடிவை எதிர்த்து அனுமதி கேட்கலாம். கனடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு 60 நாள் கெடு. கோர்ட் விசா கொடுக்காது. முடிவு நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா என்று பார்க்கும். இல்லை என்றால் வேறு அதிகாரியிடம் திருப்பி அனுப்பும். அங்கே வக்கீல் செலவு உண்டு.

ஜெர்மனி: முன்பெல்லாம் ஒரு மாதத்துக்குள், காசில்லாமல், தூதரகத்துக்கே ஆட்சேபக் கடிதம் எழுதலாம். அந்த வழியை 2025 ஜூலை 1-ம் தேதியிலிருந்து உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள். இப்போது புது விண்ணப்பம். இல்லாவிட்டால் பெர்லின் கோர்ட். 'நான் ஆட்சேபக் கடிதம் எழுதித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் தெருவாசல் வரை வழியனுப்பிவிடுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் மூன்று விஷயம் பொது. ஒன்று, மறுத்த கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். கோபம் தணிந்ததும் இன்னொரு தடவை படியுங்கள். ரெண்டு, கெடு தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். அனுதாபம் விசாரிக்க வருகிறவர்களிலேயே பாதி நாள் போய்விடும். மூன்று, அடுத்த விண்ணப்பத்தில் 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதுண்டா?' என்று கேட்பார்கள். உண்டு என்று சொல்லுங்கள். மறுக்கப்பட்டது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். ஏமாற்றினார் என்று முடிவானால் இங்கிலாந்தில் பத்து வருஷம் வரை கதவு மூடிவிடும்.

நாலாவதாக ஒன்று, நம்மவர்களுக்கு மட்டும். இனிஷியலை விரித்து எழுதி, பேங்க், ஆதார், பாஸ்போர்ட், பிறப்புச் சான்று நாலிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிள்ளை ப்ளஸ் டூ முடிப்பதற்கு முன்பே செய்யுங்கள். முடியவில்லையா? ஒரு வரி விளக்கமாவது வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

புளியமரத்தடி ஆபீஸ்

பாப்பா படிப்பை 2024-ல் முடித்துவிட்டாள். போனில் பேசும்போதெல்லாம், "என்னப்பா, இன்னிக்கு எத்தனை மனு?" என்று கேட்பாள்.

ஆமாம், எனக்கு இப்போது மறுபடி ஆபீஸ்! திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே எதிரே இருக்கிற புளியமரத்தடிக்குப் போய்விடுவேன். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு அட்டை, ரெண்டு பேனா. மனு எழுதித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் மறுப்பதில்லை.

முதலில் நான் கேட்பது, "உங்க ரேஷன் கார்டுல இனிஷியல் என்ன? சான்றுல என்ன?" வித்தியாசமாக இருந்தால், மனுவின் ரெண்டாவது பாராவில் ஒரு வரி சேர்த்துவிடுவேன்: 'இரண்டும் ஒரே எழுத்து, இருவரும் ஒருவரே.'

வருகிறவர்களில் வயசான அம்மா யாராவது இருந்தால் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்ப்பேன். அவர் இல்லை. இருந்தாலும் என்ன, அடுத்த திங்கள்கிழமையும் போவேன்.

சிவப்புப் பேனா மட்டும் எடுத்துப் போவதில்லை.